வாத்துப் பாதுகாப்பு ஏற்பாடு

முதல் ராக்கெட் ஏரிக்கு மேலே சீறியபோது, ஏரிக் காவலர் நூற்று நாற்பதாவது வாத்தை எண்ணிக்கொண்டிருந்தார். வாத்துகள் மொத்தமும் எழுந்து, வட்டமடித்து, இடம் மாறி உட்கார்ந்தன. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

குளிருக்கு வலசை வந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. பண்டிகை விடுமுறையின் கடைசி நாள் மாலை வனத்துறை அதிகாரி வந்து எண்ணுவார். "ஒண்ணு குறைஞ்சாலும் உங்களை மரக்கிடங்குக்கு மாத்திடுவேன்" என்று சொல்லியிருந்தார். மரக்கிடங்கில் எண்ணுவதற்குக் கட்டைகள்தான் உண்டு. கூப்பிட்டால் கட்டை தலையைத் திருப்பிப் பார்க்குமா?

"என்னங்க, ஒரு போர்டு வையுங்களேன்" என்றாள் மனைவி.

வைத்தார். 'வெளிநாட்டு விருந்தினர் உறங்குகிறார்கள். பட்டாசு வெடிக்காதீர்.'

விருந்தினர் எப்படித்தான் உறங்குகிறார்கள் என்று பார்க்க மறுநாள் ஊரே குழந்தை குட்டிகளோடு திரண்டு வந்தது. ஐம்பது வாத்துகள் கிளம்பிப் போயின. கூட்டத்தை விரட்ட விசில் ஊதினார். இன்னும் எழுபது போயின.

"விசில் பத்தாதுங்க, மைக் வையுங்க" என்றாள் மனைவி.

"அமைதி! அமைதி!" என்று அவர் மைக்கில் கத்தியதில் மிச்சத்தில் பாதி பறந்தது. தெரு நாய்கள் மட்டும் பதில் சொல்லின.

கோபம் தலைக்கேறிப் பட்டாசுக் கடைக்குப் போனார்.

"எல்லாம் உங்களால வந்த வினை!"

"சார், உங்க வாத்து விஷயமா ஒண்ணு சொல்லணும்னு..." என்றாள் கடைக்காரம்மா.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!"

கடைசி நாள் காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, இருந்த பட்டாசையெல்லாம் வாங்கிவந்து தம் காவல் குடிசையில் மூட்டை மூட்டையாக அடுக்கினார். ஊரில் ஒரு வெடிச் சத்தம் இல்லை. காவலருக்கு மனம் குளிர்ந்தது. மாலையில் கொசு மொய்க்கவே, ஒரு கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி, கைக்கு எட்டிய மூட்டையின் மேல் வைத்துவிட்டு, மிச்ச வாத்துகளை எண்ண வெளியே வந்தார்.

பதினேழு வரை எண்ணியிருப்பார். குடிசையின் கூரை அவர் தலைக்கு மேலே பறந்து போய் ஏரியில் இறங்கியது. பின்னாலேயே பச்சையும் சிவப்புமாக அரை மணி நேரம் வானம் கிழிந்தது. இப்படி ஒரு வாணவேடிக்கையைப் பார்த்ததே இல்லை என்று ஊர் கரையில் நின்று கைதட்டியது.

புகை கலைந்தபோது ஏரியில் கூரை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. அதிகாரியின் ஜீப்பும் வந்து நின்றது.

"எங்கய்யா வாத்து?"

காவலர் கரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "மரக்கிடங்குக்கு எந்த பஸ் சார்?"

கடைக்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அழாதீங்க சார். நீங்க போர்டு வச்ச நாள்லேருந்து அதுங்க கும்பல் கும்பலா என் பட்டாசு குடோனுக்குப் பின்னாடி இருக்கிற குட்டைக்குத்தான் வருது. கடைசிக் கும்பலும் இப்பதான் இறங்குச்சு, எண்ணிட்டேன், இருநூத்திப் பன்னெண்டு. ஊர்லயே யாரும் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காத இடம் அது ஒண்ணுதானே! அதிகாரி ஐயா வந்து பாக்கட்டும்... நீங்க மட்டும் வாசல்லயே நில்லுங்க."