பதினாலுக்கு ஆறு மேகம்

கீழே தெருவில் லாரி வந்து நின்றபோது அப்பா எங்கள் சமையலறைக்குள் கடல்தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். பதற வேண்டாம். கம்ப்யூட்டரில்தான்.

"ஒரு மணி நேரம் குடு. அலை சரியா வரல," என்றார்.

"அம்மாகிட்ட நீங்களே கேளுங்க."

கேட்கவில்லை. அம்மாவிடம் எதையும் நேராகக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லா வம்பும் அதிலிருந்துதான்.

அம்மா ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். ஆறு மணி நேரம் தள்ளி இன்னொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அதற்கு அவள்தான் பொறுப்பு. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுபவர். கம்பெனியை மூடி ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டில்தான். நானும் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்பவர்கள்மேல் எரிந்து விழுந்துகொண்டு வீட்டில்தான். சம்பாதிக்கிறவள் கிளம்பினால் சும்மா இருக்கிற ரெண்டு பேரும் பின்னாலேயே கிளம்ப வேண்டியதுதான். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. எனக்கே புரிந்தது.

அப்பாவுக்கு மட்டும் இந்த வீட்டை விட்டு வர மனசில்லை. அதை அம்மா முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமும் இல்லை. அதனால் கலைஞனாகிவிட்டார்.

டியோரமா என்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டி உலகம் மாதிரி. தொட முடியாது, திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். மாடிப்படி ஏறினால் நிலா. ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே மழை. நிஜமாகவே நன்றாக இருந்தது. நான் அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஆனால் காலமெல்லாம் அலமாரிக்கு அளவெடுத்த கை. நிலாவை நினைத்த இடத்தில் தொங்கவிடுவார். அதற்குக் கீழே இருக்கிற கட்டிலை மட்டும் டேப் வைத்து அளந்துவிட்டு வந்துதான் வரைவார்.

"கனவுல யாருப்பா அளந்து பாக்கப் போறா?"

"அளவு தப்பினா கனவ யாரும் நம்ப மாட்டாங்கடி."

அவர் திட்டம் இதுதான். எங்கள் வீட்டையே கனவு மாதிரி செய்து காட்டுவது. அம்மா பார்ப்பாள். இதையா விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று அழுவாள். வேலையே வேண்டாம் என்பாள். "அம்மா கடைசியா எப்பப்பா அழுதாங்க?" என்று கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

பத்து நாளுக்கு முன்னால் ஹாலை முடித்துக் காட்டினார். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா என் காலை மிதித்தார். கரைகிறாளாம்.

"நல்லா இருக்குங்க. ஆனா அலமாரி ஏன் திறக்க மாட்டேங்குது?"

"திறக்கணுமா?"

"உள்ள இருக்கறதெல்லாம் இருந்தாத்தானே நம்ம வீடு?"

அப்பா நாலு நாள் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பாத்திரம், போர்வை, செருப்பு என்று எல்லாவற்றையும் அளந்து வரைந்தார். உடைந்த குடை மூன்று இருந்தது.

"இதெல்லாம் கனவுல எதுக்குங்க?"

"வேணாமா? எடுத்துடறேன்."

குடைகள் குப்பைக்குப் போயின. இரண்டு வீட்டிலிருந்தும். அவர் அளந்து முடித்த அலமாரியை அன்றைக்கே நானும் அம்மாவும் காலி செய்து அட்டைப்பெட்டியில் கட்டினோம். திரையிலிருந்து தலையைத் தூக்கினால்தானே தெரியும்!

அப்புறம் அம்மா சொன்னாள்: "எல்லாத்தையும் ஒரு மேகத்துமேல ஏத்துங்களேன். வீடே மிதக்கற மாதிரி."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்குள்ள இவ்வளவு ரசனையா!"

"மேகம் பதினாலு அடிக்கு ஆறு அடி இருக்கட்டும். அதுக்கு மேல போனா பாக்க நல்லா இருக்காது. உயரமும் ஆறடிதான்."

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. லாரிக்குப் போன் போட்டு அளவு கேட்டவளே நான்தான். சொல்லியிருக்கலாம். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அப்பா அன்று விசிலடித்துக்கொண்டே சாப்பிட வந்தார். எப்படிச் சொல்வது?

இன்றைக்கு லாரிக்காரர் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். அப்பாவின் மேகம். அம்மா அச்செடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"யாரும்மா போட்டது? பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு விரல்கூட வீணாகல. எத்தனையோ வீடு ஏத்தியிருக்கேன், இப்படி ஒரு ஆளப் பாத்ததில்ல!"

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் அம்மா. நிஜமான பெருமையோடு சொன்னாள். அதுதான் கொடுமை.

அப்பா திரும்பினார். பத்து நாளில் முதல் தடவையாக ஹாலை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஆணிகள் மட்டும்தான், மற்றதெல்லாம் கட்டிய பெட்டிகள்.

"ஏமாத்திட்டேல்ல?"

"பெட்டி கட்டுங்கன்னு ஒரு மாசமா நேராத்தான் சொன்னேன். காதுல வாங்கினீங்களா?"

எல்லாம் ஏறியது. படத்தில் இருந்தபடியே, கச்சிதமாக. மிச்சம் நின்றது அப்பாவின் மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர். படத்தில் அவை இல்லை. லாரியில் இடமும் இல்லை.

அம்மா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்க இடத்த ஏன் போடல?" அவள் குரல் இறங்கியிருந்தது. இது அவள் கணக்கில் இல்லை.

"நான் வெளிய உக்காந்துல்ல பாக்கறேன்," என்றார் அப்பா.

கீழே ஹாரன் அடித்தது.

"மேசை கிடக்கட்டும். கம்ப்யூட்டர என் மடியில வெச்சுக்கறேன். அணைச்சுட்டு எடுத்துட்டு வாங்க." அம்மா வேகமாகப் படியிறங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவரைக் கூப்பிட நான் மேலே போனேன். அலை சரியாக வந்திருந்தது. அப்பா டேப்பால் நாற்காலியை அளந்துகொண்டிருந்தார். திரையில் அந்த மேகம். அதன் ஓரத்தில் ஒரு குட்டி நாற்காலியை இங்கே நகர்த்தினார், அங்கே நகர்த்தினார். அது எங்கேயும் பொருந்தி உட்காரவில்லை.

"ரொம்ப நல்லா இருக்குப்பா," என்றேன். "அணைச்சுட்டு வரச் சொன்னாங்க."

"ம்," என்றார்.

அணைக்கவில்லை.