எதிர்பார்த்தது ஐந்து, வந்தது ஆறு

யூனிட் டெஸ்ட் என்பது கூட வேலை பார்ப்பவனைப் போட்டுக்கொடுக்கக் கண்டுபிடித்த சமாசாரம் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். பெரிய புரோகிராமின் ஒவ்வொரு சின்னத் துண்டையும் தனியாகச் சரிபார்க்கும் குட்டிப் புரோகிராம்தான் அது. மாட்டுத்தாவணியில் பஸ்ஸை எடுக்குமுன் டிரைவர் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. துண்டு சரியென்றால் திரையில் பச்சை. தப்பென்றால் சிவப்பு, கூடவே எழுதியவன் பெயர். (பெயர் எதற்கு என்பதுதான் என் கேள்வி.)

ஆனையூரில் ஏழு பேர் கொண்ட கம்பெனி எங்களுடையது. பள்ளிக்கூடங்களுக்கு அட்மிஷன் சாஃப்ட்வேர் செய்துகொடுத்தோம். அங்கே இந்த டெஸ்ட் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஜெபராஜ். அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். குரலை உயர்த்தவே மாட்டார். குரலை உயர்த்தாதவர்களை நான் நம்புவதில்லை.

பிறந்த தேதியைக் கொடுத்தால் பிள்ளைக்கு எத்தனை வயது முடிந்தது என்று சொல்வது என் துண்டு. ஜெபராஜ் வற்புறுத்தியதால் அதற்கும் ஒரு டெஸ்ட் எழுதினேன். வாயில் வந்த ஒரு தேதியைக் கொடுத்து, ஐந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தது. பச்சை.

எட்டிப் பார்த்த ஜெபராஜ், "அண்ணே, இன்னைக்கு என்ன தேதின்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேக்குறீங்க. அது தினம் மாறும். டெஸ்டுக்குள்ள இன்னைக்குன்னு மாறாத ஒரு தேதிய நீங்களே கட்டிவச்சுருங்க" என்றார்.

"பாப்போம்" என்றேன். என் துண்டுக்குள் இவருக்கு என்ன வேலை?

ஐந்து மாதம் போனது. பேரையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் எங்கள் சாஃப்ட்வேரைக் காட்ட நாள் குறித்தார்கள். இது கைக்கு வராவிட்டால் ஏழு பேரில் ஒருவரைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று முதலாளி பாண்டியண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது நான்.

அன்று காலை வீட்டில் பாயசம். ஒரு வெறும் வியாழக்கிழமையில் பாயசம் எதற்கு? வேலை போகப்போவது வீடு வரை தெரிந்துவிட்டதோ என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் குடித்தேன். மனைவி செல்வி, "சாயங்காலம் சீக்கிரம் வாங்க" என்றாள். "வாரேன்" என்றேன். அதிலும் ஏதோ இருந்தது.

ஆபீசில் என் திரை சிவப்பு. எதிர்பார்த்தது 5, வந்தது 6.

நேற்றுவரை பச்சை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவைத் தோண்டினேன். ஐந்து மாதமாக யாருமே தொடவில்லை. கடைசியாகத் தொட்டவன் பெயர் என்னுடையது. தடயமே விடாமல் செய்திருக்கிறான் என்றால் எவ்வளவு பழகிய கை.

செல்விக்குப் போன் போட்டேன். "ஆபீஸ்ல எனக்குக் குழி வெட்டுறாங்க. வயசு அஞ்சு வரணும், ஆறு வந்துருக்கு."

"ஆறா?" என்றாள். பிறகு, "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். இவளுமா?

யோசித்தேன். யோசித்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'நம்மில் ஒருவர் ரகசியமாகப் பிள்ளைகளின் வயதைக் கூட்டுகிறார். யாரென்று அவருக்கே தெரியும்.'

பாண்டியண்ணன் வந்து நின்றார். "யாரு மாப்ள அது?"

கையால் காட்டவில்லை. முகவாயால் ஜெபராஜைக் காட்டினேன். "சிவப்பா இருந்தா வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு சட்டம் போட்டவரு இவரு. இன்னைக்குன்னு பாத்துச் சிவப்பாகுது. வேலை போறது யாருக்குண்ணே?"

ஜெபராஜ் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் டெஸ்டை வாசித்தார். "அண்ணே, இந்தப் பிறந்த தேதி யாரோடது?"

"எம் மக யாழினியோடது. அப்ப ஞாபகத்துக்கு வந்தது அதுதான்."

"இன்னைக்கு என்ன தேதிண்ணே?"

ஆபீசில் ஆறு பேர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மகள் பிறந்த தேதி எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அந்தத் தேதி என்பது தெரியாது.

"பெத்த பிள்ள பொறந்தநாளு டெஸ்டுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல" என்றார் பாண்டியண்ணன்.

ஜெபராஜ் டெஸ்டுக்குள் ஒரு தேதியைக் கட்டிவைத்தார். பச்சை. மத்தியானம் பேரையூரில் காட்டினோம். எடுத்துக்கொண்டார்கள். போகவர அம்புட்டுத் தூரமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபராஜ் அந்த வாட்ஸ்அப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. (அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.)

யாழினி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். கடையில் உப்பு வாங்கப் போன நான் சீனியோடு திரும்பினால், "எதிர்பார்த்தது உப்பு, வந்தது சீனி" என்று அறிவிக்கிறாள். அம்மா சொல்லிக்கொடுத்தது. அதற்கு டெஸ்ட் மட்டும் காரணமில்லை.

அன்று சாயங்காலம் சொன்னபடி சீக்கிரமே வீட்டுக்குப் போனேன், கேக்கோடு. செல்வி பெட்டியைத் திறந்தாள். நான் கேட்டு வாங்கிய மெழுகுவர்த்தி ஐந்து இருந்தது.