அருணாதேவி வரைந்தது என்ன?

"அதக் கழட்டி வை அருணா. மாப்பிள்ளை வீட்டுக்காரக தெருமுனைக்கு வந்துட்டாக."

"கழட்டினா ஆணியும் அழுக்குந்தான் தெரியும். இருந்துட்டுப் போகட்டும்."

கூடத்துச் சுவரில் அருணாதேவி போன மாதம் வரைந்த ஓவியம். சிவப்பு, கறுப்பு, நடுவே மஞ்சளில் ஓர் இழுப்பு. என்னவென்று கேட்டால் சிரிப்பாள். அவள் கணவர் சிவபாண்டிக்கு அதுதான் கவலை. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிற மனிதர் அவர்; கிளியை வரைந்தாலும் கீழே 'கிளி' என்று எழுதாமல் விட்டதில்லை. பெயரில்லாத படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மகள் கல்யாணத்தை எப்படிப் பேசுவது? போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ஆர்த்தி வேறு அந்தப் பையன் மேல் ஆசையை வளர்த்துவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பெரியவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். காப்பி கொடுத்தாயிற்று. சிவபாண்டி தொண்டையைச் செருமினார்.

"தம்பி பெங்களூர்ல என்ன..."

"இது என்ன படம் அண்ணாச்சி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா நாகையா, அவசரமாக.

"வெம்பக்கோட்டை அணை." சிவபாண்டி வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"தண்ணி செவப்பா இருக்கு?"

"சாயங்காலம்."

கொஞ்சம் பொறுத்து, "தம்பி கம்பெனியில..." என்று சிவபாண்டி மறுபடி தொடங்கினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கருத்தப்பாண்டி எழுந்து படத்தருகே போய்விட்டார்.

"நடுவுல வேல் மாதிரில்ல தெரியுது."

"வேல்தான். அணைக்கரை முருகன்."

கருத்தப்பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு ஒரு பூக்கூட வைக்கலயே. இப்படியா வச்சிருக்கீக?"

சிவபாண்டி பின்வாங்கினார். "சாமின்னு சொல்ல முடியாது. வாணவேடிக்கைன்னு வச்சுக்கோங்களேன்."

"அப்ப அந்தக் கறுப்பு, புகையா?"

பட்டாசில் பிழைக்கிற ஊரில், நல்ல காரியம் பேச வந்த இடத்தில், சிவப்பையும் புகையையும் யாரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். உள்ளறையில் ஆர்த்தியின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. சிவபாண்டிக்கு அழுகை வந்தது.

அருணாதேவிதான் முன்னால் வந்தாள்.

"அது எதுவுமே இல்லண்ணே. மனசுல வந்ததப் போட்டேன். என்னன்னு எனக்கே தெரியாது. தெரியாட்டியும் பிடிச்சிருக்கு. தினம் ஒண்ணொண்ணாத் தெரியுது, அதான் மாட்டி வச்சேன்."

நாகையா மனைவியைப் பார்த்தார். வந்ததிலிருந்து வாயே திறக்காத கற்பகவல்லி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த வீட்லயே முடிச்சிருவோம் மதினி. எங்க பையன் என்ன வேலை பாக்கான்னு கேட்ருவீகளோன்னுதான் இவுக ரெண்டு பேரும் அந்தப் படத்தையே பிடிச்சுத் தொங்குனாக. அவனும் எத்தனையோ தடவ சொல்லிட்டான், எங்க யாருக்கும் இன்னும் வெளங்கல."