உள்நோக்கமுள்ள மூன்று விசிறிகள்

இந்தக் கோடைக்குள் வீட்டில் ஏசி மாட்டிவிடுவது என்று இஞ்ஞாசிமுத்து முடிவு செய்தார். தனக்காகக் கேட்டால் கிடைக்காது என்பதை முப்பது வருட இல்லறம் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் கம்ப்யூட்டருக்காகக் கேட்டார்.

கம்ப்யூட்டர் அவர் மனைவி அடைக்கலமேரியுடையது. ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்காக, தரையில் கல் பதித்தால் எப்படி இருக்கும் என்று அதில் படம் போட்டுக் கொடுக்கிறார். அந்த அறையில்தான் இஞ்ஞாசிமுத்துவின் கட்டிலும் இருந்தது. காரைக்குடி வெயிலுக்குப் பயந்து காலை பத்து மணிக்கே அதில் ஏறிவிடுவார்.

ஒரு வாரமாகப் படம் பாதி வரும்போதே கம்ப்யூட்டர் பெட்டி சூடேறி அணைந்துபோனது. ஒரு கல்யாண மண்டபத்தின் தரைப்படம் அன்று மாலை ஆறு மணிக்குள் போகவேண்டும். போகாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு.

"தொண்ணூத்தெட்டு டிகிரி, மேரி. மேல இட்லித் தட்ட வச்சா வெந்துரும். ஏசி போட்டாத்தான் பொழைக்கும்."

"போன வாரம் ஃபேன் மாட்டுனாப் பொழைக்கும்னீக."

"மாட்டுனேன்ல? முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு. மூணுக்கும் கேக்கலன்னா வியாதி முத்திருச்சுன்னு அர்த்தம்."

"நீங்க மாட்டுறதுக்கு முன்னாடி சுட மட்டுந்தான் செஞ்சுச்சு. மாட்டுன பெறகுதான் அணையுது."

"நான் முப்பத்தோரு வருஷம் பிசிக்ஸ் வாத்தியார்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

அடைக்கலமேரி தையல் மெஷினிலிருந்து ஒரு சாண் நூலை அறுத்து வந்தார். பெட்டியின் முன்பக்கம் பிடித்தார். நூல் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் பிடித்தார். அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

"இது ஏன் இங்குட்டும் உள்ள இழுக்குது?"

"ஃபேன்னா உள்ள காத்துக் கொடுக்கத்தான?"

"மூணும் உள்ளயே ஊதுனா சூடு எங்குட்டுப் போகும்? நம்ம ஊரு பெரிய வீட்டுல முன்வாசல்ல நின்னா பின்வாசல் தெரியும். எதுக்குன்னு நெனச்சீக? திருடனுக்கு வழி காட்டவா?"

மூன்று விசிறிகளும் உள்நோக்கத்தோடுதான் இருந்தன, மாட்டியவரைப் போலவே.

அடைக்கலமேரி மின்சாரத்தை நிறுத்தி, நாலு திருகைக் கழற்றி, பின்விசிறியைத் திருப்பி மாட்டினார். முன்வலையில் படிந்திருந்த தூசியைத் தட்டினார். சுவரோடு ஒட்டிக்கிடந்த பெட்டியை ஓர் அடி முன்னே இழுத்தார். மறுபடி படத்தைப் போடவிட்டபோது சூடு காட்டும் எண் எழுபத்தொன்றில் நின்றது. ஒரு மாணவன் வாங்கிய மார்க்காக இருந்தால் இஞ்ஞாசிமுத்து பாராட்டியிருப்பார்.

"இருந்தாலும் ரூம் சூடா இருந்தா உள்ள போற காத்தும் சூடாத்தான இருக்கும்?" என்றார், குரல் இறங்கி.

"அதுவும் வாஸ்தவந்தான்."

அவருக்குச் சற்றே உயிர் வந்தது.

ஐந்தே முக்காலுக்குப் படம் போனது. ஆறரைக்குப் போன் வந்தது. மண்டபக்காரருக்குப் படம் பிடித்துவிட்டதாம். சாப்பாட்டுக் கூடத்துக்கும் மாடிக்கும் சேர்த்து வரையச் சொன்னார்கள். அடைக்கலமேரி முகம் மலர்ந்து, புருஷனுக்கு ஒரு காபி கூடுதலாகவே போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. இனி ராப்பகலா ஓடும். ஏசி வாங்கிருவோம்."

இஞ்ஞாசிமுத்து காபியைச் சிந்தாமல் வாங்கிக்கொண்டதே பெரிய காரியம்.

"அதுக்கு முன்னால கட்டில ஹாலுக்கு மாத்திருங்க."

"ஏன்?"

"ஒரு ஆளு சும்மா படுத்திருந்தாலே நூறு வாட் சூடு விடுறாராம். அதையும் சேத்துக் குளுத்த ஏசிக்கு என்ன தலையெழுத்து?"

பிசிக்ஸ் வாத்தியார் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை சரியாக இருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டார்.