அழகான புரோகிராமும் அசையாத பொத்தானும்

பிரேசர் டவுன், பெங்களூரு
வியாழக்கிழமை

அன்புள்ள ஆதிகேசவன் மாமாவுக்கு,

ரக்ஷிதா வணக்கத்துடன் எழுதும் மெயில். அப்பா, அம்மா, நான் எல்லாரும் சுகம். என் பொத்தான் மட்டும் சுகமில்லை.

விடுமுறையில் நீங்கள் கற்றுக்கொடுத்த ஜாவாஸ்கிரிப்டில் பள்ளி நூலகத்துக்கு ஒரு பக்கம் செய்திருக்கிறேன். புத்தகத்தின் பெயரைத் தட்டிப் பொத்தானை அழுத்தினால், அது அலமாரியில் இருக்கிறதா, யார் வீட்டுக்காவது போயிருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சிக்குள் சொல்லாவிட்டால் என் மேஜை சௌம்யாவின் தெர்மகோல் எரிமலைக்குப் போய்விடும் என்று மிஸ் சொல்லிவிட்டார். அதனால் ஐடியில் வேலை செய்யும் மாடி வீட்டு வீணா அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா திரையைப் பார்த்ததும், "வரிக்கு வரி அரைப்புள்ளியா? எந்தத் தாத்தா உனக்குச் சொல்லிக்கொடுத்தாரு?" என்று கேட்டு (மன்னிக்கவும் மாமா, சொன்னதை அப்படியே எழுதுகிறேன்) அரைப்புள்ளி எல்லாவற்றையும் அழித்தார். பின்னாலேயே வந்த அவர் கணவர் தினேஷ் அண்ணா, அவரும் ஐடிதான், அழித்த புள்ளிகளைத் திரும்பப் போட ஆரம்பித்து, நான் பட்டியலுக்கு ஆசையாக 'வீட்டுக்குப்போனபுத்தகங்கள்' என்று வைத்திருந்த பெயரை 'வீபு' என்று சுருக்கிவிட்டார். "வீபுவா? நம்ம பூனைக்கே இதைவிட நீளமா பேர் வச்சோமே!"ன்னு அக்கா. "புரியறவங்களுக்குப் புரியும்"ன்னு அண்ணா. "சும்னிரு தினேஷ், சும்மா இரு, போன மாசம் நீ எழுதினதை நீயே படிக்க முடியாம முழிச்சியே!" அப்பா எட்டிப் பார்த்து, "பொத்தான் வேலை செய்யுதாம்மா?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் ஒரே குரல்ல, "ஸ்வல்ப இருங்க அங்கிள், முதல்ல அழகா இருக்கணும்!" அதுல மட்டும்தான் மாமா ஒத்துப்போனாங்க. அம்மா வச்ச பஜ்ஜி ஆறிப்போச்சு, வரிக்கு முன்னாடி ரெண்டு இடம் விடறதா நாலு இடம் விடறதான்னு இன்னும் முடியல, நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் தலையாட்டி எனக்குக் கழுத்து வலிக்குது.

ஆகவே நாளைக்கே ஓசூரில் பஸ் ஏறி வந்து, எது சரி என்று தீர்ப்புச் சொல்லவும். அத்தைக்கு என் அன்பும், உங்களுக்கு என் அவசரமும்.

இப்படிக்கு,
ரக்ஷிதா

பி.கு.: அனுப்பும் முன் ஒன்று கண்டுபிடித்தேன். இவ்வளவு நேரம் அவர்கள் திருத்தியது, நான் பத்திரமாக எடுத்து வைத்த நகலை! பக்கம் திறந்துகொண்டிருந்தது பழைய கோப்பை. நகலை அதன் இடத்தில் வைத்தேன். பொத்தான் உடனே பேசியது. சண்டைக்கு நடுவில் யாரோ பிழையையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறார்கள். யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனவே தீர்ப்பு வேண்டாம், கண்காட்சிக்கு மட்டும் வாருங்கள். வந்து பொத்தானை அழுத்துங்கள். உள்ளே திறந்து பார்க்காதீர்கள் மாமா. பாதி வரிகளில் அரைப்புள்ளி இல்லை. தொட எனக்குப் பயமாக இருக்கிறது.