மூன்றாவது நட்சத்திரம்

மீசைக்காரர் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் தையற்காரருக்கு மூச்சே வந்தது. மேஜைமேல் இரண்டு பச்சைத் தோள்பட்டைகள் கிடந்தன. ராணுவ அதிகாரிகள் சட்டைத் தோளில் மாட்டிக்கொள்வார்களே, அந்தத் துணிப்பட்டைகள். ஒன்றில் நூலால் தைத்த மூன்று நட்சத்திரங்கள். மற்றதில் இரண்டுதான்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். நாலு மணிக்கு வருவேன்." அவ்வளவுதான் சொன்னார். எது சரி என்று கேட்க நாக்கு எழவில்லை. அந்த மீசைக்கு முன்னால் யாருக்குத்தான் எழும்?

ஒன்று கூடுதலாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று மூன்றாவதைத் தைத்து முடித்தார். பக்கத்துக் கடை கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யோவ், மூணுன்னா கேப்டன். ரெண்டுன்னா லெப்டினன்ட். அந்தாளு லெப்டினன்டா இருந்தா? இல்லாத பதவிய தச்சுக் குடுத்திருக்கியே! போட்டவரும் உள்ள, தச்சவனும் உள்ள!"

தையற்காரர் கத்தரியை எடுத்தார். மளமளவென்று பிரித்து, இரண்டு பட்டையிலும் இரண்டிரண்டாக்கினார். அந்த நேரம் பார்த்து மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னங்க, அவரு கேப்டனா இருந்தா? வருஷக்கணக்கா உழைச்சு வாங்கின பதவிய, நீங்க உக்காந்த எடத்துலயே எறக்கிட்டீங்களே! சும்மா விடுவாரா?"

"ஐயையோ, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குடி!"

"எனக்கும் அதே ரெண்டுதான். சீக்கிரம் தைங்க!"

தைத்தார். பயந்து பிரித்தார். மறுபடி தைத்தார். கடைசித் தடவை அவசரத்தில் பிரித்தபோது துணியே கிழிந்து, இரண்டிலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. மணி நாலு.

வாசலில் தடதடவென்று காலடி. தையற்காரர் வெட்டுமேஜைக்கு அடியில் புகுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அவரு வெளிய போயிருக்காருங்க" என்றாள் மனைவி.

மீசைக்காரர் பட்டைகளை எடுத்து ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு மெல்ல மண்டியிட்டது. மேஜைக்கு அடியில் மீசை நுழைந்தது.

"கேப்டன் ஐயா! லெப்டினன்ட் ஐயா! தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க!"

"நான் எங்கங்க கேப்டன்? ராணுவத்துல இருக்கறது என் பொண்டாட்டி. இஸ்திரி போடறேன்னு அவ நட்சத்திரத்தப் பொசுக்கிப் பிச்செடுத்ததே நான்தான். கொஞ்சம் தள்ளிப் படுங்க, அவ இங்கதான் வந்துக்கிட்டிருக்கா!"