குண்டுகரிச்சானுக்கும் செங்காந்தளுக்கும் நடுவே நான்

தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்ப்பவனுக்கு உலகமே இரண்டு பெட்டிதான்: பாஸ், ரிஜெக்ட். (எனக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்கும் இதுதான் காரணம் என்பாள் அம்மா.)

ஓசூரில் எங்கள் தொழிற்சாலை ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். 'மனதை மயக்குவது குண்டுகரிச்சானா, செங்காந்தளா?' குருவிக் கட்சிக்கு நான். பூக் கட்சிக்கு பேக்கிங் பிரிவு சுமதி, நாட்றாம்பாளையத்துக்காரி. முந்தின வாரம்தான் அவளைப் பெண் கேட்டு அம்மா ஆள் அனுப்பியிருந்தாள். பதில் வரவில்லை. மேடையில் ஜெயித்தால் வந்துவிடும் என்று நம்பினேன். (தோற்கடித்து ஒரு பெண்ணின் மனதைப் பிடிக்கப் பார்த்த மகான்.)

சுமதி தன் வயல் வேலியோரத்துக் கொடியைத் தொட்டியில் கொண்டுவந்திருந்தாள். ஊன்றிய குச்சியைப் பற்றி ஏறிய அதில் ஒரு பூ பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று நெருப்பு. நான் அதை உதிரிபாகம் போலச் சோதித்தேன்.

"பாடுமா? பாடாது. பறக்குமா? பறக்காது. வாசனை? அதுவும் கிடையாது. ஒரே பூ, நாளுக்கு ஒரு கலர்! இந்த பீஸை எந்தக் கம்பெனி வாங்கும்? ரிஜெக்ட்!"

கைதட்டல். அந்தத் திமிரில், செல்போனில் வைத்திருந்த குண்டுகரிச்சான் பாட்டை ஓடவிட்டு மைக்கில் பிடித்தேன்.

பந்தலுக்கு வெளியிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ பாய்ந்தது. வழுக்கை தொடங்கியிருந்த உச்சந்தலையில் ஒரு கொத்து. நான் மேசைக்கடியில்.

"சார், அத நிறுத்துங்க சார்!" சுமதி கத்தினாள். "வேற ஆம்பளக் குருவி தன் எடத்துக்கு வந்துட்டதா நெனச்சிக்கிச்சு!"

நிறுத்தினேன். குருவி போகவில்லை. செங்காந்தள் குச்சியின் உச்சியில் உட்கார்ந்து, வாலைத் தூக்கி, பாடத் தொடங்கியது. கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. அதிலிருந்து வந்த குரலோ கம்ப்ரசர் இரைச்சலையும் நெடுஞ்சாலை லாரிகளையும் தாண்டிப் போனது. தொண்டை புடைக்கும்போதெல்லாம் கொடி அதிர்ந்து, கீழே இதழ்கள் தீக்கொழுந்தாய் ஆடின. எதற்கு மதிப்பெண் போடுவது? மண்டியிட்டபடியே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பறந்துபோனதும் நடுவர், எங்கள் கன்னடத்து மேனேஜர், சுமதியைப் பேசச் சொன்னார்.

"இதுக்கு மேல நான் என்னத்த சார் பேசறது?" என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டுமே பாஸு!" என்றார் மேனேஜர். "மேசைக்கு அடியில இருக்குதே, அது மட்டும் ரிஜெக்ட்."

ஆனால் மறுவாரம் சுமதி வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன்.

"நீங்க பேசறப்ப எரிச்சலாத்தான் வந்துச்சு. அது பாடறப்ப கண்ணுல தண்ணியோட பாத்தீங்களே, அப்பத்தான் செரின்னு தோணுச்சு."

(கொத்திய இடம் வலித்தது என்று இன்றுவரை சொல்லவில்லை. கண்ணீருக்கு அது மட்டுமே காரணமும் இல்லை.)

இப்போதும் மூக்கண்டப்பள்ளி வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேச ஆரம்பித்தால், மகள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள், குருவி வரட்டும் என்று.